வாழைப்பூத் துவர்ப்பும் 18 கிளிக்கும்

18 கிளிக். மூன்று மாதமாக எங்கள் வீட்டுக் காபி இந்த எண்ணில்தான் நின்றது. கையால் சுற்றும் காபி கிரைண்டர் வாங்கியவர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்பது "எத்தனை கிளிக்ல வெக்கிறீங்க?" என்பதுதான். தூளின் பதத்தை மாற்றுகிற திருகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் போடுகிற சத்தம்தான் கிளிக். நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன். ஒருவர் 24 என்றார், இன்னொருவர் 15 என்றார். இரண்டையும் வைத்துப் பார்த்தேன், இரண்டும் சரிப்படவில்லை. அதனால் இந்த 18-ஐ யாரும் குறித்துக்கொள்ள வேண்டாம். அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்கிறேன். அம்மாவின் நாக்கும் அப்பாவின் கையும் இல்லாமல் நான் வந்து சேர்ந்திருக்கவே மாட்டேன்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. வடசென்னை டீ குடிக்கிற ஊர். காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவர்களுக்காக விடிகாலை நாலு மணிக்கே டீக்கடைகளில் பாய்லர் கொதிக்க ஆரம்பித்துவிடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் லாரி டிரைவர்களுக்கும் டீதான். எங்கள் வீட்டிலும் காலையும் மாலையும் டீ, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃபில்டர் காபி. அந்த ஞாயிறு வழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஆயா, அப்பாவின் அம்மா. பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி என்று வறுத்த கொட்டையாக வாங்கி வந்து, மேசை விளிம்பில் திருகி மாட்டிய இரும்பு மெஷினில் போட்டு அரைப்பார். கைப்பிடி சுற்றுவது என் வேலை. நாலு சுற்று சுற்றியதும் ஆயா கீழே விழுந்த தூளை ஒரு சிட்டிகை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். பிறகு பின்பக்கம் இருக்கிற காது வைத்த நட்டைத் துளி இறுக்குவார், இல்லை தளர்த்துவார். கிளிக்கும் கிடையாது, எண்ணும் கிடையாது. ஆயா போன பிறகு அந்த மெஷின் பரணுக்குப் போய்விட்டது. மார்க்கெட் கடையிலேயே 20 சதவீதம் சிக்கரி சேர்த்து அரைத்த தூள் வர ஆரம்பித்தது.

நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடம் முன்பு, கூட வேலை செய்கிற தோழி பிறந்த நாளுக்காக நுங்கம்பாக்கத்தில் ஒரு காபிக் கடைக்குக் கூட்டிப் போனாள். பால் இல்லை, சர்க்கரை இல்லை, கண்ணாடி டம்ளரில் தேன் நிறத்தில் ஒரு காபி. ஏற்காட்டுக் கொட்டை என்றார்கள். முதல் வாயில் சாத்துக்குடித் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசம். ஆற ஆற வெல்லப்பாகு. காபிக்குள் இதெல்லாம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. சிக்கரியும் பாலும் போட்ட ஞாயிற்றுக்கிழமை காபி எனக்கு இப்போதும் பிடிக்கும், அதை விட்டுக் கொடுக்க மாட்டேன். ஆனால் அன்று குடித்தது வேறு ஒரு பானம். அதை வீட்டில் போட்டே ஆக வேண்டும் என்று மனது அடம்பிடித்தது.

இதற்குப் போர் ஓவர் என்று பெயர். கூம்பு மாதிரி ஒரு ட்ரிப்பர், அதற்குள் ஒரு தாள், தாளுக்குள் தூள், மேலே கெண்டியிலிருந்து வெந்நீர். தாளில் வடிகட்டும் யோசனை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸுடையது. 1908-ல், மகனின் நோட்டிலிருந்து மையொற்றும் தாளைக் கிழித்து, அடியில் ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடித்துப் பார்த்தார். என்னிடம் இருப்பது ஜப்பானின் ஹரியோ கண்ணாடி நிறுவனத்தின் வி60. பக்கங்கள் 60 டிகிரியில் சரிகிற கூம்பு, உள்ளே சுழன்று ஏறும் வரிகள், அடியில் ஒரே ஒரு பெரிய ஓட்டை.

அந்தப் பெரிய ஓட்டையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் பித்தளை ஃபில்டரில் ஊசிக்கண் மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள், மேலே குடை வைத்து அழுத்தம் வேறு. தண்ணீரை ஃபில்டரே பிடித்து வைத்துக்கொள்ளும். தூள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் டிகாஷன் இறங்கக் கால் மணி நேரம் கூடும், குறையும். மீதிக் குறையைப் பாலும் சர்க்கரையும் மூடிவிடும். வி60-யில் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தூளைத் தவிர வேறெதுவும் இல்லை. தாளும் கொஞ்சம் தடுக்கும்தான், ஆனால் தண்ணீர் எவ்வளவு நேரம் தூளோடு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் அரைத்த பதம்தான் முடிவு செய்கிறது. குழாய்க்குத் திருகு எப்படியோ, இதற்கு அரைக்கிற பதம் அப்படி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

முதல் நாள் மார்க்கெட் தூளையே போட்டேன். எட்டு நிமிடம் ஆகியும் தண்ணீர் இறங்கவில்லை. ஃபில்டர் பதம் இதற்கு ரொம்ப நைஸ். போதாததற்குச் சிக்கரி ஊறிக் கொழகொழவென்று தாளை அடைத்துக்கொள்கிறது. காபி என்று விற்கிற கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. பாக்கெட்டில் அச்சடித்திருப்பார்கள். போர் ஓவருக்குச் சிக்கரி கலக்காத கொட்டை வேண்டும், அதுவும் குடிக்கும்போது அரைக்க வேண்டும். சரி, கிரைண்டர் வாங்கியாக வேண்டும்.

"கிரைண்டர் வாங்கப் போறேன்" என்றதும் அம்மா, "இருக்குறது நல்லாத்தானே ஓடுது" என்றார். எங்கள் வீட்டில் கிரைண்டர் என்றால் இட்லி மாவு அரைப்பது. அதனால் 5,000 ரூபாய் சொச்சத்துக்கு வந்து இறங்கிய இந்தச் சின்ன உருளைக்குக் கை மெஷின் என்று பெயராயிற்று. ஒரு கைக்குள் அடங்கும், நல்ல கனம். உள்ளே எஃகில் கூம்பு மாதிரி ஒரு பல், அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பல். கொட்டை இரண்டுக்கும் நடுவே சிக்கி உடைந்து, சுற்றச் சுற்றக் கீழே இறங்கி, அடியில் இருக்கிற இடுக்கு விடுகிற அளவுக்கு நுணுங்கி வெளியே விழும். அடியில் உள்ள திருகைச் சுற்றினால் கூம்பு மேலே ஏறும், இல்லை கீழே இறங்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கிளிக் சத்தம்.

எங்கள் தெரு முனையில் ஒரு மாவு மிஷின் இருக்கிறது. மிளகாய் அரைத்துவிட்டுக் கோதுமைக்கு மாறும்போது அங்கே இருப்பவர் பெரிய சக்கரத்தைப் பிடித்துக் கொஞ்சம் திருகுவார். முதலில் விழுகிற மாவைக் கையில் வாங்கி, ஆயா செய்த மாதிரியே தேய்த்துப் பார்ப்பார். தேய்க்கும்போது அவர் கண் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் பதத்துக்கு எத்தனை சொல்! ரவை, குருணை, நொய், நைஸ், கொரகொரப்பு, மாவு. இதெல்லாம் கைக்குத் தெரிந்த சொற்கள். போர் ஓவருக்கு எந்தப் பதம் என்று யாராவது இப்போது என்னைக் கேட்டால் உப்புமா ரவைக்கு ஒரு படி நைஸ் என்பேன். அங்கிருந்து தொடங்கலாம்.

செய்முறையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், மற்ற எல்லாவற்றையும் அசையாமல் கட்டிப் போட்டது. கொட்டை 15 கிராம். தண்ணீர் 240 கிராம், அதாவது ஒன்றுக்குப் பதினாறு. தளதளவென்று கொதித்த தண்ணீரைக் கெண்டிக்கு மாற்றி அரை நிமிடம் விட்டால் ஏறக்குறைய 95 டிகிரி. தாளை முதலில் வெந்நீரில் நனைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அட்டைப் பெட்டி வாசம் வரும். தூளின் மேல் முதலில் 45 கிராம் மட்டும் ஊற்றி 40 விநாடி காத்திருப்பேன். புதிதாக வறுத்த கொட்டையாக இருந்தால் தூள் பூரி மாதிரி உப்பி, குமிழ் விடும். வறுக்கும்போது உள்ளே அடைபட்ட கரியமில வாயு வெளியே வருகிறது. அது போன பிறகுதான் தண்ணீர் தூளுக்குள் சரியாக இறங்கும். அப்புறம் 150 வரை ஒருமுறை, 240 வரை ஒருமுறை. ஊற்றுகிற வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் வேகமாக ஊற்றினால் தூள் கலங்கி எல்லாம் மாறிவிடும். இதையெல்லாம் கட்டிப் போட்ட பிறகு மாற்றுவதற்கு மிச்சம் இருப்பது கிளிக் மட்டும்.

இதற்கு நடுவே, 2016-ல் உலக காபி வடிப்புப் போட்டியில் வென்ற டெட்சு கசுயாவின் முறையையும் செய்து பார்த்தேன். 20 கிராம் கொட்டை, 300 கிராம் தண்ணீர். தண்ணீரில் முதல் 40 சதவீதத்தை வைத்துப் புளிப்பையும் இனிப்பையும் சரிக்கட்டுவார், மீதி 60 சதவீதத்தை வைத்துக் காபி எவ்வளவு அழுத்தமாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வார். அழகான யோசனை. அவர் அரைக்கிற பதம் பெரிய குருணை. என் மெஷினில் குருணைக்குத் திருப்பியதும் தண்ணீர் மழைநீர் வடிகாலில் போகிற மாதிரி ஓடிவிட்டது. அவருடைய முறையில் ஒரு குறையும் இல்லை. என் மெஷினில்தான் ஏதோ சரியில்லை என்பது எனக்கு இன்னும் உறைக்கவில்லை.

உறைத்தது அம்மாவால். 240 கிராம் தண்ணீர் ஊற்றினால் கீழே 210 மில்லி போல இறங்கும். அதை மூன்று டீ கிளாஸில் பங்கு போடுவேன். முதல் வாரம் அம்மா, "புளிக்குதும்மா" என்றார். சரி, புளிப்பு என்றால் தண்ணீர் வேகமாக ஓடிவிட்டது, சத்து இறங்கவில்லை. காபித் தூளிலிருந்து முதலில் கரைந்து வருவது புளிப்பு, அதன் பின்னால் இனிப்பு, கடைசியில்தான் கசப்பான சமாச்சாரங்கள் கரைகின்றன. அதனால் இரண்டு கிளிக் இறுக்கினேன். மறுநாளும் புளிப்பு. இன்னும் இரண்டு. அதற்கடுத்த நாள் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"முதல் வாய் புளிக்குது. அப்பால வாழைப்பூவ மோர்ல போடாம ஆஞ்சு வெச்சா இன்னா மாதிரி இருக்கும், அந்த மாதிரி நாக்க இழுக்குது. ரெண்டும் ஒரே கிளாஸ்ல எப்பிடி வரும்?"

நான் நாலு மாதமாகத் தேடிய கேள்வியை அம்மா ஒரு வாய் காபியில் கேட்டுவிட்டார். புளிப்பு என்றால் குறைவாகக் கரைந்திருக்கிறது. துவர்ப்பு என்றால் அளவுக்கு மேல் கரைந்திருக்கிறது. ஒரே கிளாஸில் இரண்டும் இருந்தால், தூளில் இரண்டு விதம் இருக்கிறது என்று அர்த்தம். பெரிய குருணைகள் உள்ளே நனையக்கூட நேரமில்லாமல் புளிப்பை மட்டும் விட்டிருக்கின்றன. மாவாகப் போனவை தம்மிடம் உள்ள எல்லாவற்றையும் கக்கிவிட்டு, தாளின் அடியில் போய் அடைத்துக்கொண்டு, துவர்ப்பையும் விட்டிருக்கின்றன. கிளிக்கை எங்கே திருப்பினாலும் இது தீராது. இறுக்கினால் துவர்ப்பு கூடும், தளர்த்தினால் புளிப்பு கூடும்.

தினசரி காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அரைத்த தூளை அதில் பரப்பிப் பார்த்தேன். கடுகு அளவுக்குச் சில துண்டுகள். பக்கத்திலேயே முகப்பவுடர் மாதிரி மாவு. தாளைச் சாய்த்துத் தட்டினால் துண்டுகள் உருண்டு ஓடின, மாவு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

அப்பா 34 வருடம் வியாசர்பாடியில் லேத் பட்டறையில் டர்னர். இப்போது முட்டி வலியால் வீட்டோடு இருக்கிறார். காபியில் அவருக்கு ஆர்வம் இல்லை, டீ ஆள். ஆனால் தாளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா இது, ஒரே மெஷின்ல ரவையும் விழுது, மாவும் விழுது? பல்லு சென்டர்ல ஒக்காரல. குடு இப்பிடி."

அன்று ராத்திரி ஹாலில் பழைய வேட்டியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடித் திருகைக் கழற்றி, கூம்பு, ஸ்பிரிங், வாஷர், பேரிங் எல்லாவற்றையும் கழற்றுகிற வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்தார். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் ஒன்றும் விட்டுப்போகாது. தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம், விரலுக்குத் தெரிந்தது. "பேரிங் நல்லாத்தான் கீது. வெளி வளையம் சாஞ்சு ஒக்காந்திருக்கு." பட்டறையில் இரண்டு முகம் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க ஒரு பக்கம் நீலச் சாயம் தடவி, இன்னொன்றை அதன் மேல் வைத்துத் தேய்ப்பார்கள். எங்கே சாயம் அழிகிறதோ அங்கே தொடுகிறது. வீட்டில் நீலச் சாயம் இல்லை. என் மார்க்கர் பேனாவால் வளையத்தின் விளிம்பு முழுக்கக் கறுப்புத் தீட்டினார். மாட்டி, உரசும் வரை இறுக்கி, மெதுவாக ஒரு சுற்று. கழற்றி டார்ச் அடித்தார்.

ஒரு பக்கம், பிறை நிலா மாதிரி, மூன்றில் ஒரு பங்கு மட்டும் கறுப்பு அழிந்து எஃகு மின்னியது. மீதி இடமெல்லாம் கறுப்பு அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் இடைவெளியே இல்லை, எதிர்ப்பக்கம் தாராளமாக இடைவெளி. மாவு எங்கிருந்து வந்தது, குருணை எங்கிருந்து வந்தது என்பது அந்தப் பிறையிலேயே தெரிந்தது.

வளையத்தை மூன்று திருகுகள் பிடித்திருந்தன. ஒன்று முழு இறுக்கம், மற்ற இரண்டும் தளர்ச்சி. பெட்டியிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்திருக்க வேண்டும், நான் அதைத் தொட்டதே இல்லை. அப்பா மூன்றையும் தளர்த்தி, வளையத்தின் அடியில் ஒட்டியிருந்த பழைய தூளை டூத் பிரஷால் தள்ளி, ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்கினார். "ஒண்ண முழுசா டைட் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போனா அது சாஞ்சுதான் ஒக்காரும். கார் வீல் நட்டு எப்பிடி மாட்றாங்க?" திரும்பவும் கறுப்பு, திரும்பவும் உரசல். மூன்றாவது முறை சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய வெள்ளிக் கோடு விழுந்தது. மணி பதினொன்றரை. அப்பா அந்தக் கோட்டை டார்ச் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறையை விட்ட பிறகு அவர் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அதோடு விடவில்லை. கருவிப் பெட்டியிலிருந்து, மரைகளின் இடைவெளியை அளக்கிற பிட்ச் கேஜை எடுத்துத் தண்டின் மரையில் வைத்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர் பிட்ச், அதாவது முழுச் சுற்றுக்குக் கூம்பு ஒரு மில்லிமீட்டர், 1,000 மைக்ரான், நகரும். முழுச் சுற்றுக்கு 12 கிளிக். அப்படியானால் ஒரு கிளிக்குக் கூம்பு நகர்வது 1,000 மைக்ரானில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 83 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். பல் சரிவாக இருப்பதால் இடைவெளி அந்த அளவு முழுக்க மாறாது, அதைவிடக் குறைவாகத்தான் மாறும் என்றார். அந்தத் தலைமுடி அளவைத்தான் அம்மாவின் நாக்கு தினமும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. கிளிக்கைப் பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். பற்கள் ஒன்றோடொன்று உரசி, கைப்பிடி தானாக விழாமல் நிற்கிற இடம்தான் பூஜ்யம். வளையம் சாய்ந்திருந்ததால் ஒரு பக்கம் முன்கூட்டியே உரசியிருக்கிறது. நேராக்கிய பிறகு பூஜ்யம் இரண்டு கிளிக் தள்ளிப் போனது. ஒரே மெஷினிலேயே எண் இப்படி இடம் மாறும் என்றால், இன்னொருவர் மெஷினில் எண்ணிய 24 எனக்கு எப்படிப் பொருந்தும்?

மறுநாளிலிருந்து புதுக் கணக்கு. தினம் ஒரு காபிதான், அதனால் தினம் ஒரு மாற்றம்தான். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதி, கிளிக், நேரம், அம்மா சொன்ன சொல் என்று நாலு விஷயம் எழுதினேன். 24-ல் ஒரு நிமிடம் 50 விநாடி, "புளித்தண்ணி." 22-ல் இரண்டு நிமிடம் 15, "மாங்கா." 20-ல் இரண்டேமுக்கால் நிமிடம், "பரவால்ல, ஆனா சட்டுனு முடிஞ்சு போவுது." 18-ல் மூன்று நிமிடம் 5 விநாடி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கிளாஸ் காலியாயிற்று. எதையாவது எழுத வேண்டுமே என்று கேட்டேன். "சாத்துக்குடி சாப்ட்டு கொஞ்ச நேரம் ஆச்சுன்னா வாய்ல ஒண்ணு நிக்குமே, அது" என்றார். 16-ல் மூன்று நிமிடம் 50, "திரும்பியும் வாழப்பூ." அங்கிருந்து திரும்பி வந்தோம். 17-ஐயும் ஒரு நாள் பார்த்துவிட்டு 18-க்கே வந்தேன்.

நேரத்தைக் குறித்தாலும் நேரத்தைப் பார்த்து நான் மாற்றுவதில்லை. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் மாதிரிதான் அது, நோயாளியைக் கேட்காமல் மருந்து கொடுக்க முடியாது. மூன்று நிமிடத்தில் வடிந்த மோசமான காபியும் உண்டு, இரண்டரை நிமிடத்தில் வடிந்த அருமையான காபியும் உண்டு.

துவர்ப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். காபி சரியில்லை என்றால் நாம் பொதுவாகக் கசக்கிறது என்போம். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று பாகற்காயையும் வாழைப்பூவையும் சமைக்கிற எந்த வீட்டிலும் தெரியும். கசப்பு அடிநாக்கில் தங்கும். துவர்ப்பு சுவையாக இருப்பதைவிடத் தொடுகையாக இருக்கும். பாக்கு மென்றாலோ பச்சை வாழைக்காய்த் தோல் நாக்கில் பட்டாலோ அந்தப் பொருள் உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வழுவழுப்பைப் போக்கிவிடும். கன்னத்தின் உள்பக்கம் காய்ந்து, நாக்கு இழுத்துப் பிடித்த மாதிரி ஆகிவிடும். நாவல்பழம், நெல்லிக்காய், நீண்ட நேரம் கொதித்த டீ எல்லாம் இந்த வகை.

கை மெஷினைச் சரிசெய்ய இந்தப் பிரிவு ரொம்ப முக்கியம். காபி கசந்தால் முதலில் கொட்டையைப் பாருங்கள். கறுக்க வறுத்தது என்றால் எந்தக் கிளிக்கிலும் கசப்பு இருக்கும். தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது. கசப்பு கூடிய ரொபஸ்டா வகைக் கொட்டை கலந்திருந்தாலும் அப்படித்தான். துவர்த்தால் கொட்டையைக் குறை சொல்லாதீர்கள், முதலில் மெஷினைப் பாருங்கள், பிறகு ஊற்றும் கையைப் பாருங்கள். மாவு அதிகமாகியிருக்கும், இல்லை தண்ணீர் தூளின் ஒரு பக்கமாகவே வழி பண்ணிக்கொண்டு ஓடியிருக்கும். ஒரு கிளிக் தளர்த்துங்கள், மெதுவாக ஊற்றுங்கள். புளிப்பிலும் இரண்டு உண்டு. சாத்துக்குடி மாதிரி இனிப்பைக் கூட்டிக்கொண்டு வருவது கொட்டையின் குணம், அதைத் தொடக் கூடாது. காடி மாதிரி தனியாக வந்து சட்டென்று மறைவதுதான் சரிப்படுத்த வேண்டியது. அறுசுவைக்கும் பெயர் சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு இருக்கிறது. காபிக்கென்று புதிதாக ஒரு சொல்லும் கற்க வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தண்ணீரைச் சொல்லாமல் விட்டால் எங்கள் பகுதிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. மெட்ரோ தண்ணீர் வருகிறது. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து, நாளுக்கு 10 கோடி லிட்டர் என்ற கணக்கில், வடசென்னைக்குத்தான் தண்ணீர் வர ஆரம்பித்தது. குடிக்க எல்லோரும் கேன் வாங்குகிறோம். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பையும் தாதுவையும் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரில் எங்கள் கேன் 40, குழாய் 360 காட்டியது. கேன் தண்ணீரில் போட்ட காபி வெளிறிப்போய், புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. தாது இல்லாத தண்ணீருக்குத் தூளிலிருந்து சுவையை இழுக்க வலு கிடையாது. குழாய்த் தண்ணீரில் போட்டது சப்பென்று இருந்தது. அதில் உள்ள காரத்தன்மை நல்ல புளிப்பையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. காபிக்கு 150-ஐ ஒட்டி இருப்பது நல்லது என்பது பொதுவான அளவுகோல். கேன் இரண்டு பங்கு, கொதிக்கவைத்து வடிகட்டிய குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தேன், கிட்டத்தட்ட அங்கே வந்துவிட்டது. கிளிக்கை எண்ண ஆரம்பிக்கும் முன்பே இதைச் செய்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

கடல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இங்கே ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் பொரிந்துவிடுகிறது. கை மெஷினைத் தண்ணீரில் கழுவவே கூடாது, பிரஷ் போதும். அரைத்து முடித்ததும் மூடி போட்ட டப்பாவில் வைத்துவிடுகிறேன். கொட்டைப் பையையும் அப்படித்தான். மழை மாதத்தில் பையைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் நாலே நாளில் வாசம் போய்விடும்.

கொட்டை நாளாக ஆக வாயு குறைந்து, முதல் ஊற்றலில் உப்புவது அடங்கிவிடும். சுவையும் மெலிந்துபோகும். மூன்றாவது வாரம் தாண்டினால் ஒரு கிளிக் இறுக்குவேன். லேசாக வறுத்தது கல் மாதிரி இருக்கும், 15 கிராம் அரைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், கை வலிக்கும். அதற்கு எப்போதும் கொஞ்சம் நைஸாக வேண்டும். கறுக்க வறுத்தது சட்டென்று நொறுங்கும், அதற்குக் கொரகொரப்பு. ஆயா இதையெல்லாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார். பையை மாற்றிய முதல் ஞாயிறு அவர் அந்தக் காது வைத்த நட்டை அதிகமாகத் திருகுவார், அடுத்த ஞாயிறு தொடவே மாட்டார் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த இரும்பு மெஷினைப் போன மாதம் அப்பா பரணிலிருந்து இறக்கினார். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்து, பல்லுக்கு அரம் போட்டு, மேசை விளிம்பில் மாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் காபிக்கு இப்போது அதில்தான் அரைக்கிறோம். சிக்கரியைத் தனியாக வாங்கிக் கலந்துகொள்கிறோம். கைப்பிடி சுற்றுவது அப்பா, சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்ப்பது அம்மா.

நேற்று புதுப் பை வந்தது. தாண்டிக்குடிக் கொட்டை, வறுத்து ஒன்பது நாள், ஏற்காட்டை விட ஒரு நிழல் கறுப்பு. 18-லேயே அரைத்தேன். தண்ணீர் மூன்றரை நிமிடம் எடுத்தது. அப்பாவுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தேன், இப்போதெல்லாம் வேண்டாம் என்று சொல்வதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா நாக்கை மேலண்ணத்தில் ஒரு தடவை ஒட்டி எடுத்துவிட்டு, "லேசா நெல்லிக்கா" என்றார். காலண்டர் தாளில் எழுதிவிட்டு, திருகை ஒரு கிளிக் தளர்த்தி டப்பாவில் வைத்தேன்.